‘ஓடாதே’ என்று முதலில் சொன்னது யார்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து தெற்கே வருகிறவர்கள் ஒரு மணி நேரத்திற்குள் ஆரோவில்லின் செம்மண் மேட்டை அடைந்துவிடலாம். இந்தச் சிறு தொலைவுக்குள் எத்தனையோ வகைப் பிள்ளைகள் வளர்கிறார்கள். உப்புப் பாத்தி வரப்புகளில் தாய் தகப்பன் பின்னால் நடந்து பழகியவர்கள் உண்டு. குப்பங்களின் கடல் மணலில் பந்து உதைப்பவர்கள் உண்டு. ஆரோவில் பள்ளிகளில் பல நாட்டுப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நின்று உடற்பயிற்சி செய்பவர்களும் உண்டு. மாலையானால் எல்லாரும் ஓடுகிறார்கள். ஆனால் எந்தத் திடலைப் பார்த்தாலும் ஓடாத பிள்ளை ஒன்று இருக்கும். மற்றவர்களின் செருப்புக்கும் புத்தகப் பைக்கும் காவலாக அது ஓரமாய் அமர்ந்திருக்கும். கேட்டால், “அதுக்கு வீசிங்” என்று ஒரே சொல்லில் விடை வரும்.

இழுப்பு, இளைப்பு, இரைப்பு, ஆஸ்துமா, வீசிங் என்று நம் மக்கள் பல பெயரிட்டு வழங்கும் இந்நோய் சிறிதன்று. 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் 26 கோடியே 20 லட்சம் பேர் இதனால் துன்புற்றதாகவும், 4 லட்சத்து 55 ஆயிரம் பேர் இறந்ததாகவும் உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. ஆகவே தாய்மாரின் அச்சத்தை வீண் அச்சம் என்று தள்ளிவிட நான் வரவில்லை. ஆனால் இழுப்புள்ள பிள்ளை ஓடலாகாது என்னும் தீர்ப்பை முதலில் எழுதியது யார், அது எப்படி மாறிற்று என்பதை வரலாற்றில் தேடிப் பார்ப்பது நல்லது. அந்தத் தேட்டம் கிரேக்கத்தில் தொடங்கி, சென்னை வழியாகவும் லூர்து வழியாகவும் சுற்றி, நம் கடற்கரைக்கே திரும்பி வருகிறது.

‘ஆஸ்துமா’ என்பது மூச்சு வாங்குதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அதை நோயின் பெயராக்கித் தெளிவாக எழுதிய பழைய மருத்துவர்களில் முதன்மையானவர் அரெட்டேயஸ். புனித பேதுருவின் முதல் திருமுகம் யாருக்கு எழுதப்பட்டதோ, அந்த நாடுகளுள் ஒன்றான கப்பதோக்கியாவைச் சேர்ந்தவர். ஓட்டத்தாலோ உடற்பயிற்சியாலோ வேறு எவ்வுழைப்பாலோ மூச்சு முட்டுமாயின் அதுவே ஆஸ்துமா என்று அவர் வரையறுத்தார். நோயின் இலக்கணத்திலேயே ஓட்டம் புகுந்துவிட்டது. எதனால் நோய் வெளிப்படுகிறதோ அதனாலேயே நோய் பிறக்கிறது என்று எண்ணுவது மனித இயல்பு. அந்த எண்ணம் மேல்நாட்டு மருத்துவத்தில் ஆழ வேரூன்றியது.

நம் நாட்டுச் சரகர் நூல் இவ்விடத்தில் நுட்பமானது. மூச்சு நோய்களை ஐந்தாகப் பிரித்து, உழைப்பாலும் உலர்ந்த உணவாலும் வரும் சிறு மூச்சிரைப்பை ஒரு தனி வகையாக, அஞ்ச வேண்டாததாக அது ஒதுக்கியது. இன்று நாம் ஆஸ்துமா என்பதை ஒத்த ‘தமக சுவாசம்’ வேறு. அது மேகம், மழை, குளிர், கீழைக்காற்று ஆகியவற்றால் மிகும் என்றும், படுத்தால் வருத்தி, எழுந்து உட்கார்ந்தால் சற்றே ஆறுதல் தரும் என்றும் அந்நூல் கூறுகிறது. கீழைக்காற்றையும் ஐப்பசி மழையையும் நேரே வாங்கிக்கொள்ளும் சோழமண்டலக் கரையில் வாழ்கிறவர்கள் இதை வாசித்தால், எழுதியவர் நம் ஊரில் ஓர் இரவு தங்கியிருப்பாரோ என்று எண்ணுவார்கள். நம் சித்த மருத்துவமும் இரைப்புக்கு ஆடாதோடை, தூதுவளை, கண்டங்கத்திரி என்று மூலிகைகளை வகுத்து வைத்திருந்தது. ஆடாதோடையில் உள்ள ஒரு பொருளைப் பின்பற்றியே சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்னும் இக்கால மருந்து உருவாயிற்று.

இங்கிலாந்தில் சர் ஜான் ஃபிளாயர் என்ற மருத்துவர் 1698-இல் ஆஸ்துமாவைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார். அவரே நோயாளி, ஆகவே பிறர் நெஞ்சைக் கேட்டு எழுதியதோடு தம் நெஞ்சையும் கேட்டு எழுதினார். எல்லா உழைப்பும் ஒரே அளவில் மூச்சை அடைப்பதில்லை, வகைக்கு வகை வேறுபாடு உண்டு என்று அவர் கண்டது பெரிய செய்தி. ஆயினும் அதைத் தொடர்ந்து ஆராய மேலும் 270 ஆண்டுகள் ஆயின. ஃபிளாயரோ இழுப்போடேயே எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தார்.

இடையில் நம் சென்னை ஒரு விசித்திரமான பங்களிப்பைச் செய்தது. கும்பெனியாரின் தலைமை மருத்துவராகச் சென்னையில் இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், ஊமத்தையை உலர்த்திப் புகைத்தால் இழுப்புத் தணியும் என்னும் இந்நாட்டு வழக்கத்தை ஏற்றுக்கொண்டிருந்தார். 1802-இல் ஜெனரல் ஜென்ட் என்பவர் அச்செய்தியையும் செடியையும் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். எடின்பரோ மருத்துவர்கள் வழியே அது பரவி, அந்நூற்றாண்டு முடிவதற்குள் ‘ஆஸ்துமா சிகரெட்டு’ ஐரோப்பிய, அமெரிக்க மருந்துக் கடைகளில் சாதாரணப் பொருளாகிவிட்டது. வயல் வரப்பில் யாரும் தீண்டாமல் நிற்கும் நம் ஊமத்தை, பாரிசு நகரத்துச் சீமான்களின் படுக்கையறையில் புகைந்தது! சிரிப்பதற்கில்லை, ஊமத்தையில் உள்ள சத்து மூச்சுக்குழலைச் சற்று விரிப்பது உண்மையே. அவ்வகைப் பொருளைத் திருத்தியமைத்துச் செய்த மருந்து இன்றும் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. ஆனால் ஊமத்தை நஞ்சு. புகையோ நெஞ்சுக்குப் பகை. இன்று யாரும் இதை முயன்று பார்க்கலாகாது.

19-ஆம் நூற்றாண்டில் இழுப்புள்ள மூன்று பிள்ளைகளின் கதை நமக்கு எழுத்தில் கிடைத்திருக்கிறது. அவற்றுள் ஒன்று நம் ஒவ்வொருவருக்கும் தெரிந்த கதை. ஆனால் அதை இழுப்புள்ள பிள்ளையின் கதையாக நாம் வாசித்திருக்க மாட்டோம்.

1844 ஜனவரி 7-ஆம் நாள் லூர்து நகரத்து மாவரைப்பவர் வீட்டில் பிறந்த பெர்னதெத், 1855-இல் ஊரைத் தாக்கிய காலராவில் விழுந்து பிழைத்தாள். அதன்பின் ஆஸ்துமா அவளை விடவில்லை. குடும்பம் நொடித்து, முன்னாளில் சிறைச்சாலையாக இருந்த ஒரே அறையில், ஈரமும் இருளும் நிறைந்த இடத்தில் குடியிருந்தது. இழுப்புக்கு அதைவிடக் கெடுதலான இடத்தை இன்றைய மருத்துவர் ஒருவர் கற்பனை செய்ய முடியாது. 1858 பிப்ரவரி 11, வியாழக்கிழமை. கடுங்குளிர். வீட்டில் விறகு இல்லை. தங்கை துவானெத்தும் தோழி ஜான் அபாதியும் விறகு பொறுக்கப் புறப்பட்டார்கள். தாய் லூயிஸ் மூத்தவளை அனுப்பத் தயங்கினாள். இருமலும் இளைப்பும் உள்ள பிள்ளை குளிரில் போகலாமா என்பதே தயக்கம். ஆனால் பெர்னதெத் முந்தின மாதம் வரையில் பர்த்ரேஸ் ஊரில் ஆடு மேய்த்துத் திரிந்தவள். கெஞ்சினாள், தலையை மூடிக்கொண்டு போகும்படி சொல்லித் தாய் விட்டுவிட்டாள்.

மசபியேல் குகைக்கு எதிரே ஒரு வாய்க்கால். மற்ற இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குளிரில் அலறியபடி நீரைக் கடந்து போனார்கள். பெர்னதெத் நின்றுவிட்டாள். குளிர்ந்த நீரில் கால் வைத்தால் இழுப்பு வரும் என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவள் காலுறை அணிந்திருந்ததும் அந்நோயின் பொருட்டே. கல்லைப் போட்டு வழி செய்யும்படி கேட்டாள், தோழி மறுத்தாள். வேறு வழியின்றி, காலுறையைக் கழற்றக் குனிந்தபோதுதான் காற்று வீசும் ஓசை கேட்டது; நிமிர்ந்து பார்த்தால் மரங்கள் அசையவில்லை. பின் நடந்ததை நாம் அறிவோம். காட்சி முடிந்தபின் அவள் அந்த வாய்க்காலைக் கடந்தாள். நீர் இளஞ்சூடாக இருந்தது என்றும் சொன்னாள்.

இந்நிகழ்ச்சியைப் பற்றிய மறையுரைகளை நாம் எத்தனை கேட்டிருப்போம்! வில்லியனூர் மாதாவின் திருத்தலத்திற்கு நடந்து போகும் நம் மக்களுள் அந்தக் காலுறையின் காரணத்தை அறிந்தவர்கள் எத்தனை பேர்? அன்னை மரியா தேர்ந்துகொண்டது, கூட்டத்தில் பின்தங்கி நின்ற இழுப்புக்காரப் பிள்ளையை. அதே வேளையில், அன்று தாய் அவளை வீட்டிலேயே நிறுத்தியிருந்தால் அவள் வாய்க்கால் கரையை எட்டியிருக்கவே மாட்டாள். இவ்விரண்டையும் சேர்த்தே தியானிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னாளில் லூர்து அருட்சகோதரிகளின் விடுதிப் பள்ளியில் பயின்றபோது சிறுபிள்ளைகளோடு அவள் உற்சாகமாக விளையாடினாள். இழுப்புக்கு மருத்துவர் அவளுக்கு எழுதிக்கொடுத்த மருந்து மூக்குப்பொடி; வகுப்பில் தோழிகளுக்கும் அதை ஊட்டித் தும்ம வைத்த குறும்பும் அவள் வரலாற்றில் உண்டு. நெவேர் மடத்தில் நோயாளிகளுக்குப் பணி செய்து, தானும் நோயாளியாகவே கிடந்து, 1879 ஏப்ரல் 16-இல் சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடியே இறந்தார். 1933-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அவருக்கு அன்று ஒரு நல்ல மருந்து கிடைத்திருந்தால் என்னும் நினைவு, பக்திக்குக் குறைவாகாது என்று நம்புகிறேன்.

லூர்து காட்சிகள் நடந்த அதே 1858-இல் நியூயார்க்கில் பிறந்தவர் தியோடர் ரூஸ்வெல்ட். இரவில் மூச்சுத் திணறும்போதெல்லாம் தகப்பனார் அவரைத் தூக்கிக்கொண்டு உலவுவார். காற்று நெஞ்சில் புகட்டும் என்று வண்டியில் ஏற்றி இருட்டில் ஓட்டிச் செல்வதும் உண்டு. கடுங்காப்பியும் சுருட்டும்கூடச் சிறுவனுக்கு மருந்தாகக் கொடுக்கப்பட்டன. பன்னிரண்டு வயதை ஒட்டி, உடலை நீயே உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்று தகப்பனார் வற்புறுத்தி, வீட்டிலேயே உடற்பயிற்சிக் கருவிகளை அமைத்துக் கொடுத்தார். மகன் பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானார். இதற்கு நேர்மாறானவர் பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட். 1881-இல், பத்து வயது நிரம்பும் முன், பாரிசில் காட்டுப்பூங்கா ஒன்றில் நடந்துவிட்டுத் திரும்பியபோது முதல் இழுப்பு வந்தது. வாழ்வின் பிற்பகுதியை அவர் சுவரெல்லாம் தக்கைப் பலகை அடித்த அறையில், ஊமத்தைப் புகைக்கு நடுவே படுக்கையில் கழித்தார், 1922-இல் இறந்தார்.

ரூஸ்வெல்ட்டின் கதையை உடற்பயிற்சி ஆசிரியர்கள் விரும்பிச் சொல்வார்கள். எனக்கு அதில் ஓர் அச்சம் உண்டு. மனவுறுதி இருந்தால் இழுப்பு ஓடிவிடும், ஓடாத பிள்ளை கோழை என்னும் முடிவுக்கு அது எளிதில் இட்டுச் செல்லும். மருந்தில்லாமல் ஒரு பிள்ளையை விரட்டி ஓட வைப்பது, அதை மூலையில் உட்கார வைப்பதைவிடக் கொடிது.

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேறொரு தவறான பாதையும் திறந்தது. இழுப்பு நெஞ்சின் நோயன்று, மனத்தின் நோய். அதிலும் தாயின் அளவுமீறிய பாசத்தால் வரும் நோய் என்று பலர் எழுதினார்கள். அமெரிக்காவில் டென்வர் நகரத்து இல்லம் ஒன்றில் கடும் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து நெடுங்காலம் வைத்திருந்தார்கள். முர்ரே பெஷ்கின் என்ற மருத்துவர், அறுவை மருத்துவத்தில் குடல்வாலை அகற்றுவது போலப் பெற்றோரை அகற்றும் சிகிச்சை என்னும் பொருள்பட அதற்கு ஒரு பெயரும் சூட்டினார். பிள்ளைகளில் பலருக்கு நலம் கண்டது உண்மை. தூசும் புகையும் நிறைந்த வீட்டை விட்டு வந்ததும், மருந்து ஒழுங்காகக் கிடைத்ததும் காரணமாகலாம். பழியோ தாயின் தலையில் விழுந்தது. நம் ஊரிலும் “கர்ப்பத்துல ஐஸ் தண்ணி குடிச்சா” என்று மாமியார் மருமகளைக் குற்றம் சொல்வது இதற்குச் சளைத்ததன்று.

நெஞ்சு நோய் என்றால் படுக்கை என்னும் பழைய நம்பிக்கையை அசைத்ததில் சென்னைக்கு இரண்டாம் முறையாகப் பங்கு கிடைத்தது. இம்முறை நோய் ஆஸ்துமா அன்று, காசநோய். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவின. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மருத்துவ விடுதியில் ஓய்வும் நல்லுணவும் மருந்தும் கொடுக்கப்பட்டன. மற்றவர்கள் நெருக்கமான தங்கள் வீடுகளிலேயே, தங்கள் உணவை உண்டு, வீட்டு வேலைகளையும் பார்த்துக்கொண்டு, அதே மருந்தை உட்கொண்டார்கள். 1959-இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டு மருந்துக்குப் பின் இரு சாராருக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. நெடுங்கால ஓய்வு என்னும் அரியணை அன்று சரிந்தது. ஆஸ்துமாவுக்கு இந்த ஆய்வு நேரே விடை தரவில்லைதான். ஆனால் படுக்க வைப்பதைக் கேள்வி கேட்கலாம் என்னும் துணிவை உலகம் சென்னையின் சேரிகளிலிருந்து கற்றுக்கொண்டது.

ஆஸ்துமாவில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களுள் ஒருவர் லிவர்ப்பூல் நகர மருத்துவர் ஆர். எஸ். ஜோன்ஸ். 1962-இல் அவரும் உடன் உழைத்தோரும் இழுப்புள்ள பிள்ளைகளை ஓட வைத்து, மூச்சின் அளவை முன்னும் பின்னும் அளந்தார்கள். ஓரிரு நிமிட ஓட்டத்தில் மூச்சுக்குழல் சற்றே விரிந்தது. ஓட்டம் நீண்டபோதுதான், அதுவும் ஓடி முடித்தபின், சுருங்கிற்று. இதன் காரணம் பின்னர் படிப்படியாக விளங்கிற்று. அமைதியாக இருக்கும்போது மூக்கு உள்வரும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி அனுப்புகிறது. ஓடும்போதோ வாயால், மிகுதியாக, விரைவாக மூச்சு வாங்குகிறோம். குழலின் உட்புறம் உலர்கிறது, குளிர்கிறது. அதனால் எரிச்சலடைந்த திசு சில பொருள்களைச் சுரக்க, குழலைச் சுற்றிய தசை இறுகுகிறது. ஓட்டம் நின்ற ஐந்து பத்து நிமிடத்தில் இது உச்சமடைந்து, பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணிக்குள் தானே தணியும். அதன்பின் ஓரிரு மணி நேரம் பலருக்கு மீண்டும் ஓடினாலும் அவ்வளவாக இழுப்பதில்லை. தொடக்கத்தில் மெல்ல ஓடி உடலைப் பழக்கிக்கொள்வதன் பயன் இதிலிருந்தே வருகிறது. ஈரக் காற்றுள்ள நம் கடற்கரை இவ்வகையில் உலர்ந்த குளிர்நாட்டைவிடப் பிள்ளைகளுக்கு இரக்கமுள்ளது.

ஆஸ்திரேலியாவின் கென் ஃபிட்ச் 1971-இல் ஓட்டம், மிதிவண்டி, நீச்சல் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, நீச்சலே மிகக் குறைவாக இழுப்பைத் தூண்டுகிறது என்று காட்டினார். ஃபிளாயர் 1698-இல் தொட்டுக் காட்டியது அப்போதுதான் அளவுக்குள் வந்தது. இதற்குள் மருந்தும் வந்துவிட்டது. 1956-இல் அளந்து தெளிக்கும் இன்ஹேலர். 1969-இல் மூச்சுக்குழலை விரிக்கும் சால்பியூட்டமால். 1972-இல் உள்வீக்கத்தையே ஆற்றும் பெக்லோமெத்தசோன் இன்ஹேலர். ஓட்டம் நோயைத் தோற்றுவிப்பதன்று. ஆறாமல் இருக்கும் வீக்கத்தை வெளிக்காட்டுவது. வீக்கத்தை ஆற்றினால் ஓடலாம். இரண்டாயிரம் ஆண்டுத் தீர்ப்பு இவ்விதமாகத் திருத்தப்பட்டது.

ஆனால் அதே 1972-இல் ஒரு பிள்ளை அதற்கு விலை கொடுத்தான். மியூனிக் ஒலிம்பிக் போட்டியில் 16 வயது அமெரிக்கச் சிறுவன் ரிக் டிமாண்ட் 400 மீட்டர் நீச்சலில் ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்கு வேறுபாட்டில் முதலாவதாக வந்தான். சிறு வயது முதல் ஆஸ்துமா உள்ளவன். அவன் உட்கொண்ட ஆஸ்துமா மருந்தில் தடை செய்யப்பட்ட எபெட்ரின் இருந்ததால் பதக்கம் பறிக்கப்பட்டது. தன் மருந்துகளை அவன் முன்கூட்டியே படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். பெரியவர்கள்தாம் அதை உரிய இடத்தில் தெரிவிக்கவில்லை. மறு ஆண்டு பெல்கிரேடில் நடந்த முதலாவது உலக நீச்சல் போட்டியில், அதே தொலைவை நான்கு நிமிடத்திற்குள் நீந்திய முதல் மனிதன் என்னும் பெயரோடு அவன் தங்கம் வென்றான். அவன் மருந்தை மறைக்கவில்லை என்பதை 2001-இல் அமெரிக்க ஒலிம்பிக் குழு ஏற்றுக்கொண்டது. பதக்கம் திரும்பவில்லை. 1984 லாஸ் ஏஞ்சலஸ் போட்டியில் அமெரிக்க அணியினர் 597 பேரில் 67 பேருக்கு ஓட்டத்தால் வரும் இழுப்பு இருந்தது கண்டறியப்பட்டது. அந்த 67 பேர் 41 பதக்கங்களோடு வீடு திரும்பினார்கள். எழுபோட்டி வீராங்கனை ஜாக்கி ஜாய்னர்-கெர்சியும் ஆஸ்துமா உள்ளவரே. 1988-இலும் 1992-இலும் தங்கம் வென்றார். அதற்குப் பின், 2013-இல் வெளியான கோக்ரேன் மறுபார்வை 21 ஆய்வுகளில் பங்குபெற்ற 772 பேரின் நிலையை ஒருசேர நோக்கி, உடற்பயிற்சி ஆஸ்துமா உள்ளவர்களின் உடல் ஆற்றலைக் கூட்டுகிறது, நோயை மோசமாக்கவில்லை என்று முடிவு கூறிற்று.

இனி நம் கரைக்கு வருவோம். தமிழகத்தில் உடற்கல்வியை ஒரு கல்வித் துறையாக்கியதில் கிறிஸ்தவர்களின் தொண்டு பெரிது. ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதற்குச் சான்று. நம் திருச்சபையில் தொன் போஸ்கோ விளையாட்டுத் திடலையே மறைக்கல்விக் கூடமாக்கினார். திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1945 மே 20-இல் உரோமை விளையாட்டு வீரர்களுக்கு ஆற்றிய உரையில் உடற்பயிற்சியின் ஆன்மிகப் பொருளை விளக்கினார். வியப்பு என்னவென்றால், அதே 1940-களில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் அன்னை என்று அழைக்கப்பட்ட மிர்ரா அல்பாசாவும் அதே திசையில் நடந்துகொண்டிருந்தார். 1943 டிசம்பர் 2-இல் அங்குப் பள்ளி தொடங்கிற்று. விரைவில் உடற்பயிற்சி அன்றாடப் பாடமாயிற்று. 1949-இல் அதற்கென்றே ஓர் இதழும் வெளிவந்தது. அரவிந்தரே அதில் எழுதினார். துறவு மடத்தில் பந்தாட்டமா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். பெண்பிள்ளைகளும் அரைக்கால் சட்டை அணிந்து ஆண்பிள்ளைகள் செய்வதையெல்லாம் செய்தது இன்னும் பலரை உறுத்தியது. அன்னையோ எண்பது வயதை ஒட்டும்வரை தாமே டென்னிஸ் ஆடினார்.

1968 பிப்ரவரி 28-இல் 124 நாடுகளின் மண்ணைத் தாழியிலிட்டு ஆரோவில் தொடங்கப்பட்டபோது இந்த மரபும் உடன் வந்தது. அந்நாளைய மேடு மரமற்ற செந்தரை. கோடையில் காற்றடித்தால் குயிலாப்பாளையத்திலிருந்து இடையஞ்சாவடி வரை செம்புழுதி எழும். மழை வந்தால் மண் ஓடைகளாகக் கடலுக்குப் போகும். வந்து குடியேறியவர்களும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வரப்புக் கட்டி, நீரைத் தேக்கி, லட்சக்கணக்கில் மரம் நட்டார்கள். இழுப்புள்ள பிள்ளைக்குப் புழுதி அடங்கியதே பாதி மருந்து. இன்று தேகசக்தி என்னும் திடலில் ஆரோவில் பிள்ளைகள் பள்ளி முடிந்தபின் உடற்பயிற்சி செய்கிறார்கள். அவர்களுடைய மெய்யியலை நாம் ஏற்பதற்கில்லை. உடல் தெய்வத்தன்மை அடைவது குறித்து அவர்கள் கூறுவதும், வார்த்தை மனுவுருவானதைப் பற்றி நாம் அறிக்கையிடுவதும் வேறு வேறு. ஆனால் மனுவுருவைப் போற்றும் நாம், உடலை ஒடுக்குவதே பக்தி என்னும் நினைப்பை இன்னும் முழுதாக விடவில்லை. அவர்களோ ஒவ்வொரு பிள்ளையின் உடலையும் நாள்தோறும் பயிற்ற வேண்டிய பொருளாக எடுத்துக்கொண்டார்கள். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

நம் வீடுகளில் நடப்பது என்ன? “ஓடுனா இழுக்குது சாமி, அதான் பி.டி. பீரியட்ல உக்கார வச்சிடச் சொல்லிட்டேன்” என்று ஒரு தாய் சொன்னார். இன்ஹேலர் இருக்கிறதா அம்மா என்றேன். இருக்கிறது, பீரோவில். பெண்பிள்ளை, பம்ப் வைத்து உறிஞ்சுவதைப் பார்த்தால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்? மருந்து மாத்திரையாக இருந்தால் விழுங்குவோம், ஊசியானால் போட்டுக்கொள்வோம், மூச்சில் இழுப்பது மட்டும் ‘பழகிவிடும்’ என்று அஞ்சுவோம். உண்மையில் இழுக்கும் மருந்து மிகச் சிறு அளவில் நேரே நோயிடத்திற்குப் போகிறது. பழகிப் போவதும் இல்லை. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் விரால் குஞ்சின் வாயில் மருந்து வைத்து விழுங்குவதற்காக ஐதராபாத்துக்கு ரயிலேறும் மக்களும், பீரோவில் இன்ஹேலரைப் பூட்டி வைக்கும் மக்களும் ஒருவரே. உப்புக் காற்றே போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். போலந்து நாட்டு வியெலிச்கா உப்புச் சுரங்கத்தில் பெலிக்ஸ் போச்கோவ்ஸ்கி என்ற மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே உப்புச் சிகிச்சையைத் தொடங்கினார். இன்றுவரை அதற்கு உறுதியான சான்று சேரவில்லை. மரக்காணத்து உப்பளத்தில் இழுப்பு வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

ஓடலாம் என்றால் எப்படியும் ஓடலாம் என்று பொருளன்று. இழுப்பு எழுந்திருக்கும் நாளிலும், சளிக்காய்ச்சல் உள்ள நாளிலும் ஓடக்கூடாது. மருத்துவர் நாள்தோறும் எடுக்கச் சொன்ன தடுப்பு மருந்தை, நலமாக இருக்கிறது என்று பாதியில் நிறுத்தக்கூடாது. மூச்சை விரிக்கும் மருந்தை மட்டுமே நம்பியிருப்பது 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஆபத்தானது என்று 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் எச்சரிக்கிறது. வெறும் பத்து நிமிட ஓட்டத்திற்கே ஒவ்வொரு முறையும் இழுத்தால், ஓட்டத்தை நிறுத்துவதைவிட மருத்துவரைப் பார்ப்பதே முறை. 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் நமக்குத் தொலைவில் இல்லை. பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, மருந்துக்கு இழுப்பு அடங்காவிட்டாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அப்போது ஓட வேண்டியவர்கள் பெரியவர்கள்.

கொசுவர்த்திச் சுருள், விறகுப் புகை, குப்பை எரிப்பு, சிலருக்குச் சவுக்கின் பூந்தாது ஆகியவை இழுப்பைத் தூண்டும். இப்பட்டியலில் சேர்க்க வேண்டிய இன்னொன்று நம்முடையது: சாம்பிராணி. தூபக் கலசத்தை ஏந்திப் புகைக்கு நடுவே நிற்பவன் பத்து வயதுப் பீடச்சிறுவன். திருநாள் பூசையில் அவன் இருமுவதைப் பக்திக் குறைவு என்று நினைக்கும் பெரியவர்கள் உண்டு. எங்கள் பங்கில் இழுப்புள்ள சிறுவர்கள் தூபம் ஏந்துவதில்லை. திருச்சிலுவையை ஏந்தி முன்னே நடக்கிறார்கள். பிப்ரவரி 11-ஆம் நாள் லூர்து மாதா திருநாளை ஒட்டிப் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓட்டப் போட்டியில், ஓடுவதற்குக் கால் மணி நேரம் முன்னதாக மணி அடிக்கப்படும். எல்லாப் பிள்ளைகளும் கோயிலை இரண்டு முறை மெல்லச் சுற்றி வருவார்கள். மருத்துவர் அவ்விதம் சொல்லியிருக்கும் நான்கைந்து பேர் அருட்சகோதரியின் மேசைக்குப் போவார்கள். மேசைமேல் தண்ணீர்க் குடம், டம்ளர், பரிசுக்கான எவர்சில்வர் கிண்ணங்கள். அவற்றோடு பெயர் எழுதி ஒட்டிய இன்ஹேலர்களும் ஒரு ஸ்பேசரும் எல்லாரும் பார்க்க வைக்கப்பட்டிருக்கும்.